‘சைலன்ட் நைட்’ பாடலைத் தந்த இருவர்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் கீதங்கள் தாமாகவே நம் நாவில் வந்து அமர்ந்துவிடுகின்றன. அவற்றுள் ‘சைலன்ட் நைட்’ பாடலை அறியாதவர் நம்மில் எவரும் இரார். ஆனால் அதை எழுதியவர் யார், இசை அமைத்தவர் யார் என்று கேட்டால் பலரும் விழிப்போம். இதில் வியப்பில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகமே அவ்விருவரையும் அறியாமல்தான் அப்பாடலைப் பாடி வந்தது!

இன்றைய ஆஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பர்க் நகரில் 1792ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசப் மோர். படைவீரரான தந்தை, மகன் பிறக்கும் முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார். தாய் பின்னல் வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். பேராலயத்தின் இசைக்குரு ஒருவர் சிறுவனின் திறமையைக் கண்டு அவனைப் படிக்க வைத்தார். 1815இல் மோர் குருப்பட்டம் பெற்றார்.

மறு ஆண்டு, மரியாபார் என்னும் மலையூரில் உதவிப் பங்குத் தந்தையாக இருந்தபோது, ஜெர்மன் மொழியில் ஆறு பாக்கள் கொண்ட இக்கவிதையை எழுதினார். நெப்போலியன் போர்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. அவ்வாண்டு ஐரோப்பாவில் கோடையே வராததால் பயிர்கள் பொய்த்து மக்கள் பசியால் வாடினர். இயேசு உலக மக்கள் அனைவரையும் சகோதரராக அணைத்துக்கொள்கிறார் என்று கூறும் பா ஒன்றும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் நாம் பாடும் மூன்று பாக்களில் அது இடம்பெறவில்லை.

1818 டிசம்பர் 24. ஓபர்ன்டார்ப் ஊரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் பணியாற்றிய தந்தை மோர், தம் நண்பர் பிரான்ஸ் சேவியர் குரூபரிடம் அக்கவிதையைக் கொடுத்தார். நெசவாளியின் மகனான குரூபர் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர். ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். அவர் அன்றே மெட்டு அமைத்தார். அன்றிரவு மோர் கித்தார் மீட்டிப் பாட, குரூபர் உடன் பாடினார். ஆர்கனை எலி கடித்துவிட்டதால்தான் கித்தார் வாசித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆனால் குரூபர் பின்னர் எழுதிய குறிப்பில் எலியும் இல்லை, பழுதும் இல்லை!

ஆர்கன் பழுதுபார்க்க வந்த கார்ல் மௌராஹர் என்பவர் பாடலைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்து ஊர் ஊராகச் சென்று பாடும் குடும்பங்கள் அதைப் பரப்பின. 1839இல் அது நியூயார்க் நகரிலும் ஒலித்தது. ஆனால் வழியில் இருவர் பெயரும் உதிர்ந்துவிட்டன. நாட்டுப்பாடல் என்றனர் சிலர். புகழ்பெற்ற மிக்கேல் ஹைடன் இயற்றியது என்றனர் வேறு சிலர். 1854இல் பெர்லின் அரசவை இசைக்குழுவினர் உண்மையை அறிய விரும்பி விசாரித்தனர். அப்போதுதான் குரூபர் நடந்ததை எழுதி அனுப்பினார். தம் பெயரோடு நண்பரின் பெயரையும் மறவாமல் எழுதினார். 1995இல் மோரின் கையெழுத்துப் பிரதியே கிடைத்தது. அதில் மெட்டு குரூபருடையது என்று மோர் குறித்திருந்தார். ஒருவர் புகழை மற்றவர் மறைக்காத நட்பு எவ்வளவு உயர்ந்தது!

குரூபர் எழுதியபோது தந்தை மோர் உயிருடன் இல்லை. 1848இல் வாக்ரைன் என்ற ஊரில் ஏழையாகவே இறந்துவிட்டார். தம்மைப் படிக்க வைத்தவரைப் போலவே அவரும் அவ்வூரில் ஒரு பள்ளி எழுப்பி, ஏழைக் குழந்தைகள் படிக்க உதவினார். தம் பாடல் கடல் கடந்து ஒலிப்பதை அவர் அறிந்தாரோ இல்லையோ! 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், போர்முனையில் எதிரெதிரே நின்ற ஜெர்மானிய, ஆங்கிலேய வீரர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு இப்பாடலைப் பாடினர். நாம் பாடாமல் விடும் அந்தப் பாவின் பொருள் அன்று உயிர் பெற்றது அல்லவா?

அன்புத் தோழியரே, இவ்வாண்டு இப்பாடலைப் பாடும்போது, பின்னல் வேலை செய்த தாயின் மகனையும் நெசவாளியின் மகனையும் ஒரு கணம் நன்றியோடு நினைப்போமாக!