கழுகும் கிராமச் சுகாதாரமும்

கிராமச் சுகாதாரம் என்றவுடன் சாக்கடையும் எருக்குழியும் கழிப்பிடமுமே நம் நினைவுக்கு வருகின்றன. இறந்த கால்நடைகளை அகற்றும் பணியைப் பன்னெடுங்காலமாகச் செய்துவந்த பறவைகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவை அருகிவிட்ட இந்நாளில் அப்பணி முழுவதும் ஊர்மக்களின் பொறுப்பாகிவிட்டது. ஆதலின் அவற்றைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம்.

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில், மாரியம்மனைத் தரிசிக்க ஆடிக் கடைசி வெள்ளியன்று மக்கள் பெருந்திரளாகக் கூடுகின்றனர். இத்தகைய இடங்களில் வானில் வட்டமிடும் பறவையைக் கழுகு என்றே பலரும் கூறுவர். பெரும்பாலும் அது பருந்தேயாகும். கரும்பருந்தின் வால் நுனி பிளவுபட்டிருக்கும். சந்தை, இறைச்சிக் கடை, குப்பைமேடு ஆகியவற்றை அண்டி அது வாழும். டெல்லி போன்ற பெருநகரங்களிலும் மிகுதியாக உண்டு. எலியையும் இறைச்சித் துணுக்கையும் காலால் கவ்விச் செல்லும். ஆயினும் இறந்த மாட்டைத் தின்று தீர்க்க அதனால் இயலாது.

அதற்குரியவை பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகளே. வெண்முதுகுப் பாறு போன்ற பெரிய இனங்கள் கூட்டமாக இறங்கிச் சில மணி நேரத்தில் எலும்பை மட்டும் விட்டுவைக்கும். நோய்க்கிருமிகளையும் அழிக்கவல்ல கடுமையான அமிலம் அவற்றின் இரைப்பையில் சுரக்கிறது. சிறிய இனமாகிய மஞ்சள் முகப் பாறு, எஞ்சிய துணுக்குகளை மெல்லிய அலகால் கொத்தியெடுக்கும். சாணத்தையும் குப்பையையும்கூடத் தின்னும். மலைப்பாறையிலும் கோயிற் கோபுரத்திலும் கூடு கட்டும். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் வந்து அமுதுண்ட இரு பறவைகளும் இவ்வினத்தனவே. அவ்வருகை 1990-களில் நின்றுபோயிற்று. நமக்குத் தென்மேற்கே கழுகுமலை இப்பறவையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெரிய பாறுகள் அழிந்ததற்குக் காரணம் யாது? மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே முதன்மைக் காரணம் என 2004-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ஊசி போட்ட சில நாட்களுக்குள் இறந்த மாட்டைத் தின்ற பாறு, சிறுநீரகம் கெட்டு மடிகிறது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 100-க்கு 99-க்கு மேல் மறைந்தன. தென்னாட்டில் எஞ்சியவை பெரும்பாலும் நீலகிரி, ஈரோடு மாவட்டங்களின் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே வாழ்கின்றன. பாறுகள் விட்டுச் சென்ற உணவு தெருநாய்களைச் சேர்ந்தது. நாய்கள் பெருகினால் வெறிநோய்க்கும் இடமுண்டு.

கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தருவது 2006-இலும், கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக் ஆகியவை 2023-இலும் தடை செய்யப்பட்டன. ஆயினும் மனிதருக்கான டைக்ளோஃபினாக் ஊசியை மாட்டுக்குப் போட்டால் சட்டத்தால் மட்டும் பயன் விளையாது. ஆதலால் விவசாயிகள் கால்நடை மருத்துவரைக் கேளாமல் ஊசி போடுதல் கூடாது. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் என்னும் மருந்து உண்டு. 1962 என்ற தொலைபேசி எண்ணில் உதவி கோரலாம். மருந்து ஏற்றபின் இறந்த மாட்டையும், அடைப்பான் நோயால் இறந்ததென ஐயமுள்ளதையும் திறந்தவெளியில் எறியாமல் ஆழப் புதைத்தல் வேண்டும். அடைப்பான் கண்ட உடலை அறுத்தலோ தோலுரித்தலோ ஒருபோதும் ஆகாது. குழியில் சுண்ணாம்பு இடுதல் வேண்டும். பிணத்தில் நஞ்சு வைக்கும் வழக்கத்தையும் அறவே ஒழித்தல் வேண்டும்.

பாறு ஓராண்டில் இடுவது பொதுவாக ஒன்று அல்லது இரண்டு முட்டைகளே. இழந்ததை அது விரைவில் ஈடுசெய்ய முடியாது. ஆகையால், எஞ்சியிருப்பவற்றைக் காப்பதற்கு மாட்டுத்தொழுவத்தில் நாம் காட்டும் கவனமே முதற்படியாகும்.