பழைய ரிப்பரின் பி.ரி.ஓ.: உடைந்த பல்லுச்சில்லை எறிந்துவிடாதீர்கள்

மாரி தொடங்க மூன்று கிழமை இருக்கையில் எமது கிராமத்து ரிப்பர் லொறி படுத்துவிட்டது. இஞ்சின் ஓடியது, சில்லுகளும் சுற்றின. மண் பெட்டி மட்டும் எழும்பவில்லை. மீளக் குடியேறிய குடும்பங்கள் காசு சேர்த்து வாங்கிய பழைய பெட்போர்ட் அது. வரம்புகளுக்கும் குடிமனைகளுக்கும் மண் பறிப்பது அதனால்தான். பெட்டி எழும்பாவிட்டால் ஒவ்வொரு லோட்டையும் மண்வெட்டியால் இறக்க வேண்டும்.

பழுது பி.ரி.ஓ.வில் இருந்தது. இஞ்சினின் வலுவில் ஒரு பங்கை வேறு வேலைக்குப் பிரித்துக்கொடுக்கும் சிறு பெட்டி இது. உழவு இயந்திரத்தின் பின்னால் சுற்றும் அச்சும் இந்த இனமே. இவ்வகை லொறியில் கியர்பெட்டியின் பக்கத்தில் ஒரு வாசல் விடப்பட்டிருக்கும். அதில் பி.ரி.ஓ.வைப் பொருத்தினால் அதன் பல்லுச்சில்லு, உள்ளேயுள்ள கீழ் அச்சின் பல்லுச்சில்லைக் கவ்விச் சுழலும். அச்சுழற்சி ஒயில் பம்பை இயக்க, ஒயில் பெட்டியை உயர்த்தும்.

கழற்றியபோது இரண்டு பற்கள் உடைந்திருந்தன. பல் எண்ணிக்கையையும் வெளிவிட்டத்தையும் கடதாசியில் குறித்துக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறினோம். ஒரு கடையில் அதே அளவில் சில்லு கிடைத்தது. கொண்டுவந்து பொருத்தினால் கவ்வவே இல்லை. பற்கள் மறுபக்கம் சாய்ந்திருந்தன! புரட்டிப் போட்டால் சரிவரும் என்றார் ஒரு தம்பி. புரட்டியும் பார்த்தோம். சாய்ந்த பல்லுள்ள சில்லை எப்படிப் புரட்டினாலும் அதன் சாய்வு மாறாது என்பதை அன்றுதான் படித்தோம். குருமடத்தில் இதைச் சொல்லித்தரவில்லை. வீணானது குடும்பங்களின் காசு என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம்.

ஆகவே உடைந்த பாகத்தையே சாக்கில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முன் பி.ரி.ஓ.வின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயால் கழுவி, தகட்டிலோ வார்ப்பிலோ இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இலக்கம் அழிந்திருந்தால் பற்களை எண்ணி, வெளிவிட்டம், பல்லின் அகலம், சாய்வு நான்கையும் குறியுங்கள். வாசலைச் சுற்றியுள்ள போல்ற்றுகளையும் எண்ணுங்கள். அமெரிக்க முறையில் பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு. பிரித்தானிய, ஜப்பானிய லொறிகளில் வேறு வடிவங்களும் உண்டு. ஒரு காட்போட் மட்டையை வாசலில் அழுத்தித் துளைகளின் அடையாளத்தை எடுத்துக்கொண்டால் பேச்சுக்கு இடமில்லை.

பெயரிங் தேடுவது இலகு. வளையத்தில் பொறித்த இலக்கமே போதும். 6205 என்றால் உட்துளை 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15; எந்தக் கம்பனி செய்தாலும் அதே அளவு. ஒயில் சீலிலும் அளவு அச்சிடப்பட்டிருக்கும். சில பி.ரி.ஓ.க்களில் ஊசி போன்ற உருளைகள் தனித்தனியாக இருக்கும். கழற்றும்போதே அவற்றை எண்ணி ஒரு ரின்னில் போடுங்கள். உடைந்த பல்லின் துண்டு கியர்பெட்டிக்குள் கிடக்கலாம். ஒயிலை வடித்து, காந்தம் விட்டுத் தேடி எடுக்காமல் மூடக்கூடாது.

பொருத்துகையில் பலர் பிழைவிடுவது கஸ்கெற்றில். இடையில் வைக்கும் அந்தக் கடதாசித் தகடு ஒயில் கசிவை மட்டுமல்ல, பற்களுக்கிடையிலான விளையாட்டையும் தீர்மானிக்கிறது. பொதுவாக அது 0.15 முதல் 0.30 மி.மீ. வரை இருக்கவேண்டும். பி.ரி.ஓ. ஊளையிட்டால் இறுக்கம் கூட. இன்னொரு கஸ்கெற் சேர்க்கவேண்டும். கடகடவென்று அடித்தால் இடைவெளி கூட, ஒன்றைக் குறைக்கவேண்டும். ஊளையைப் பொருட்படுத்தாமல் ஓடினால் பி.ரி.ஓ.வோடு கியர்பெட்டியும் போகும்.

எமது சில்லு உடைந்தது சாரதியின் அவசரத்தால். கிளச்சை மிதித்து, உள்ளே சுழற்சி நின்றபின்தான் பி.ரி.ஓ. நெம்பைப் போடவேண்டும். பெட்டி இறங்கியதும் நெம்பைக் கழற்றாமல் வீதியில் ஓடுவது அதைவிட மோசம். பம்ப் ஓயாமல் சுற்றிச் சூடேறிக் கெட்டுவிடும்.

இரண்டாவது சில்லு சரியாகக் கவ்வியது. முதல் மழைக்கு முன் வரம்பு மண் எல்லாம் இறங்கிவிட்டது. பெட்டியைத் தூக்கிவிட்டு அதன் கீழ் வேலை செய்பவர்களுக்கு ஒரு சொல்: ஒயிலை நம்பாதீர்கள். குழாய் வெடித்தால் தலையை இழுக்க நேரமிராது. பெட்டி வெறுமையாக இருக்கையிலே தடித்த பாலைக் குற்றியால் முட்டுக்கொடுத்த பின்னரே உள்ளே நுழையுங்கள். எமது லொறியில் அந்தக் குற்றி சாரதியின் ஆசனத்துக்குப் பின்னால் எப்போதும் கிடக்கிறது.