உள்ளடங்கிய குறிகள் சிதையாமல் படியெடுத்தல்

மண் ஆய்வு அறிக்கை ஒன்றில், 'ஒரு கிராம் மண்ணில் 10⁵ நுண்ணுயிர்கள்' என்றிருப்பதாகக் கொள்வோம். அதனைக் கணினி வழியே வேறொரு வடிவிற்கு மாற்றுங்கால் '105 நுண்ணுயிர்கள்' என வந்துவிடின், ஓர் இலட்சம் நூற்றைந்தாகக் குறுகிவிடும். எழுத்தொன்றும் விடுபடவில்லை, மேற்குறியே மறைந்தது. இதன் காரணத்தையும், தவிர்க்கும் முறையையும் ஈண்டு விளக்குவோம்.

எக்ஸ்.எம்.எல். என்பது 1998-இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரையாக வெளியிட்ட குறியிடு மொழி. இதில் அமைந்த ஆவணம் ஒரு மரத்தை ஒக்கும். பத்தி என்னும் உறுப்பு கிளை, அதனுள் அடங்கிய மேற்குறி என்னும் உறுப்பு சிறு கிளை, எழுத்துகள் இலைகள். இவ்வாவணத்தை வேறு வடிவிற்கு மாற்ற உதவுவது எக்ஸ்.எஸ்.எல்.டி.; அதன் முதற் பதிப்பு 1999-இல் வெளிவந்தது.

இம்மொழியின் 'வேல்யூ-ஆஃப்' என்னும் கட்டளை, கிளைகளை விடுத்து இலைகளை மட்டும் பறித்து ஒன்றாகச் சேர்க்கும். 10-உம் 5-உம் அடுத்தடுத்து நின்று 105 ஆவது இதனாலேயே. 'காப்பி-ஆஃப்' என்பதோ, கிளையைச் சிறு கிளைகளோடும் பண்புகளோடும் முழுமையாகப் படியெடுக்கும். உள்ளே மாற்றம் ஏதும் வேண்டாதவிடத்து இதுவே போதும்.

சில உறுப்புகளை மட்டும் மாற்றி, ஏனையவற்றை உள்ளவாறே வைக்க வேண்டுமாயின், முற்றொருமை வார்ப்புரு என்பதைக் கையாளுதல் வேண்டும். இதில் 'காப்பி' என்னும் கட்டளை உறுப்பின் மேலுறையை மட்டும் படியெடுக்கும். அதனுள் அமைந்த 'அப்ளை-டெம்ப்ளேட்ஸ்' பண்புகளையும் உட்பொருள்களையும் ஒவ்வொன்றாக வார்ப்புருக்களிடம் அனுப்பும். எத்துணை அடுக்குகள் இருப்பினும் இச்செயல் இறுதிவரை தொடரும். பண்புகளை வெளிப்படையாகச் சுட்டி அழைத்தல் வேண்டும். சுட்டாவிடின் அவை வாரா. மாற்ற வேண்டிய உறுப்பிற்கு அதன் பெயரால் தனி வார்ப்புரு எழுதினால், அது பொது வார்ப்புருவினும் முன்னுரிமை பெறும். இவ்வாறு மேற்குறியை வலைப்பக்கத்திற்குரிய மேலெழுத்து உறுப்பாக மாற்றலாம்.

பொருந்தும் வார்ப்புரு இல்லாத உறுப்பிலிருந்து, மொழியின் இயல்பு விதிப்படி, எழுத்துகள் மட்டுமே வெளிவரும். பழைய பிழையே மீளும். 2017-இல் வந்த மூன்றாம் பதிப்பில், முற்றொருமை வார்ப்புருவின் பணியை ஒரே அறிவிப்பால் முடிக்கலாம்.

எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் இப்பிழை தென்படாது. ஆகவே, அடுக்கெண், வேதியியல் வாய்பாடு, சாய்வெழுத்திலமைந்த உயிரினப் பெயர் ஆகிய மூன்றும் கொண்ட சிறு மாதிரி ஆவணத்தை முதலில் மாற்றிப் பார்த்து, அதன்பின் முழு அறிக்கையையும் மாற்றுதல் நன்று.