பிள்ளை கேட்கும் இரவு

பாலவாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வடக்கே புறப்பட்டு, அடையாற்றையும் மயிலாப்பூரையும் கடந்து, இன்று அவ்வை சண்முகம் சாலை என்று பெயர் பூண்டிருக்கும் பழைய லாயிட்ஸ் சாலையில் செல்கிறவர்கள், அங்கே ஒரு சிறு மதிலுக்குள் எபிரேய எழுத்துப் பொறித்த கல்லறைகள் இருப்பதை அநேகமாகக் கவனிப்பதில்லை. முதலில் தங்கசாலைப் பக்கம் இருந்து, பின்னர் இடம் பெயர்ந்து வந்த இடுகாடு அது. மத்தியதரைக் கடலின் பவளத்தை இங்கே இறக்கி, கோல்கொண்டாவின் வைரத்தை இங்கிருந்து ஏற்றி வாழ்ந்த போர்த்துகீசிய வம்சத்து யூத வணிகர்கள், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைக் கோட்டைக்கு அருகே குடியேறியிருந்தார்கள். அவர்களில் பிரசித்தி பெற்ற ஜாக் டி பைவா 1687-இல் இந்நகரிலேயே காலமானார். மறு ஆண்டு சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது அதன் ஆல்டர்மன்களாக (நகரசபை உறுப்பினர்களாக) எபிரேய வணிகர்களும் அமர்ந்தார்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்ற பெயர் இன்றும் வழங்கிவருகிறது. ஆனால் பிரேசிலில் வைரம் அகப்படத் தொடங்கிய பதினெட்டாம் நூற்றாண்டில் வியாபாரம் திசை மாற, வியாபாரத்தை நம்பி வந்த கூட்டமும் மெல்லக் கரைந்துபோயிற்று. கல்லில் பெயரும் வருஷமும் நிற்கின்றன. பங்குனி மாதத்தில் அவர்கள் வீட்டு அடுக்களையில் என்ன நடந்தது என்பதைக் கல் சொல்வதில்லை.

அதைச் சொல்லத் தக்கது கொச்சி. ஏறத்தாழ கி.பி. 1000-இல் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் செப்பேடு வழங்கிய காலத்திலிருந்தேனும் மலையாளக் கரையில் வேரூன்றியிருந்த யூதர்கள், வைரத்தை மட்டும் நம்பி வந்தவர்கள் அல்லர். மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளை என ஊர் ஊராகக் குடும்பம் குடும்பமாக வாழ்ந்து, பாட்டியின் கையிலிருந்து பேத்தியின் கைக்குத் தம் சம்பிரதாயத்தை மாற்றிக்கொண்டே வந்தவர்கள். அந்தக் கைமாற்றத்தின் உச்சம் பெசஹ் என்னும் பண்டிகை. நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் வேதத்தில் பஸ்கா என்று படிப்பது இதையே. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த இஸ்ரவேலர் மோசேயின் தலைமையில் விடுதலை பெற்று, மாவு புளிக்கும்வரை காத்திருக்கவும் அவகாசமின்றிப் புறப்பட்ட இரவின் நினைவாக, நிசான் மாதத்துப் பௌர்ணமியில் தொடங்கி இஸ்ரேலில் 7 நாளும் வெளிநாடுகளில் 8 நாளும் புளித்த பண்டம் எதையும் உண்ணாமலும், வீட்டில் வைத்திராமலும் அனுஷ்டிப்பது இதன் சாரம்.

இங்கே விலக்கப்படும் புளிப்பு, கோதுமை, வாற்கோதுமை முதலான 5 தானியங்களின் மாவு நீர்பட்டுப் பொங்குவதால் விளைவது. அரிசி இந்த ஐந்தில் சேராது. ஆயினும் ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோர் அதையும் ஒதுக்கிவிட்டார்கள். கொச்சிக்காரர்களோ சோறின்றி 8 நாள் கழிப்பதை நினைத்தும் பார்த்ததில்லை. அந்தச் சலுகைக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள் கொடுத்த விலை அதிகம். 1980-களில் மட்டாஞ்சேரியில் தங்கி ஆராய்ந்த நாதன் காட்ஸ், எலன் கோல்ட்பர்க் தம்பதியர் எழுதியுள்ளபடி, மார்கழியை ஒட்டி வரும் ஹனுக்கா விளக்குப் பண்டிகை முடிந்த கையோடு பெசஹ் வேலை ஆரம்பித்துவிடும். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பது, கிணற்றை இறைத்துத் தூர்வாருவது, மரச்சாமான்களைத் தேய்த்துக் கழுவுவது, மிளகையும் மஞ்சளையும் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே இடிப்பது, இந்த 8 நாளுக்கென்றே தனி அறையில் பூட்டிவைத்த பாத்திரங்களை வெளியே எடுப்பது என்று மாதக்கணக்கில் அது நீளும்.

எல்லாவற்றிலும் கடினமானது அரிசி பார்ப்பது. முற்றத்தில் முறமும் தாம்பாளமுமாக அமர்ந்து, ஒவ்வொரு மணியாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, கீறல் விழுந்ததோ நுனி உடைந்ததோ கண்ணில் பட்டால், அந்த வெடிப்பில் கோதுமைத் துகள் ஒன்று ஒளிந்திருக்கக்கூடும் என்று அதைத் தள்ளிவிடுவார்கள். ஒரு குடும்பத்துக்கு 8 நாளைக்கு வேண்டிய அரிசி முழுவதும் இவ்விதம் விரல் நுனியின் பரிசோதனைக்கு உட்பட்டாக வேண்டும். இதில் தவறு நேர்ந்தால் கணவனுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து என்ற பயமும் கூடவே இருந்தது. மடி ஆசாரம் அறிந்த நம் பாட்டிமாருக்கு இந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. நம் அடுக்களைகளில் இந்தச் சோதனை நடப்பதாயின் முதலில் வெளியேறுவது பெருங்காய டப்பாவாகத்தான் இருக்கும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் சேர்வது பெரும்பாலும் கோதுமை மாவு. இத்தனை பாரத்தையும் பெண்கள் தலையில் ஏற்றிவிட்டு, பண்டிகை இரவில் நூலை வாசிக்கும் கௌரவத்தை ஆண்கள் வைத்துக்கொண்டது நியாயந்தானா என்று இக்காலத்தவர் கேட்கலாம், கேட்க வேண்டியதுதான். ஆயினும் தாயின் பக்கத்தில் அமர்ந்து அரிசி பார்த்த சிறுமி, விடுதலைக் கதையைக் காதால் கேட்பதற்கு மூன்று மாதம் முன்னரே கையால் கற்கத் தொடங்கிவிட்டாள் என்பதையும் மறுப்பதற்கில்லை.

பண்டிகைக்கு முந்தின இரவு இந்தக் கல்வி விளையாட்டாக மாறுகிறது. எல்லாம் துலக்கி முடிந்த வீட்டில் ரொட்டித் துண்டுகள் 10 எடுத்து மூலை முடுக்குகளில் பெரியவர்களே ஒளித்துவைக்க, மெழுகுவர்த்தியும் பறவை இறகும் கையிலேந்திய தகப்பனாரைத் தொடர்ந்து குழந்தைகள் அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். அகப்பட்டதை இறகால் கூட்டியெடுத்து, மறுநாள் காலையில் நம் போகி நெருப்பைப் போலவே தீ மூட்டி எரித்துவிடுவது வழக்கம். மூட்டிய நெருப்பைச் சுற்றி நிற்கும் குதூகலத்தில் எந்த ஊர்க் குழந்தைக்கும் பேதமில்லை.

அதன்பின் வருவது சேதர் எனப்படும் முதல் இரவின் விருந்து. மாவும் நீரும் கலந்து 18 நிமிஷத்துக்குள் சுட்டெடுத்த புளிப்பில்லா அப்பம், அடிமை வாழ்வின் கசப்புக்குக் கசப்புக் கீரை, கண்ணீருக்கு உப்புநீர், அடிமைகள் குழைத்த செங்கல் சேற்றுக்கு அடையாளமாக ஓர் இனிப்பு (கொச்சியில் அது பேரீச்சம்பழப் பாகு), நாலு கிண்ணம் திராட்சை ரசம் என்று மேசையில் உள்ள ஒவ்வொன்றும், இது என்ன என்று யாராவது கேட்கவேண்டும் என்பதற்காகவே வைக்கப்பட்டவை. கேட்கவேண்டியவர் அவ்வீட்டின் கடைக்குட்டி. இந்த இரவு மட்டும் ஏன் வேறுவிதமாக இருக்கிறது என்ற பொருளில் நான்கு கேள்விகளை அந்தக் குழந்தை ராகத்தோடு கேட்ட பிறகுதான் ஹகாதா என்னும் நூலிலிருந்து பெரியவர்கள் கதையைத் தொடங்குவார்கள். பூஜையின் நடுவே குழந்தை ஏன் என்று கேட்டால் “சும்மா இரு, அப்புறம் சொல்கிறேன்” என்று அடக்குவதும், அந்த அப்புறம் ஒருபோதும் வராமற்போவதும் நம் வீடுகளில் சகஜம். இங்கோ கேள்வி எழாவிட்டால் சடங்கே நகராது. அறிவுள்ள பிள்ளை, அடங்காத பிள்ளை, சூதறியாத பிள்ளை, கேட்கவே தெரியாத பிள்ளை என்று நால்வகைப் பிள்ளைகளையும் அந்நூல் எண்ணி, கடைசிப் பிள்ளைக்குத் தகப்பனே முந்திக்கொண்டு சொல்லத் தொடங்க வேண்டும் என்கிறது. அப்பத்தில் பாதியை ஒளித்துவைத்து, விருந்தின் முடிவில் கண்டெடுக்கும் குழந்தைக்குப் பரிசு தருவதும் தூக்கம் கலைக்கும் உபாயந்தான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் மனைவி கேட்க வேண்டும். தனியனாயின் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது யூதச் சட்ட நூலான தல்மூத் வகுத்த விதி.

கதையே மறந்துபோனாலும் கை மறக்காது என்பதற்குக் கொங்கண் கடற்கரையில் ஓர் அத்தாட்சி உண்டு. செக்காட்டி எண்ணெய் எடுத்து வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் எபிரேய நூல்களோடு தொடர்பற்றுப்போயிருந்த நூற்றாண்டுகளில், பெசஹ் வரும் காலத்தில் ஒரு பண்டிகை கொண்டாடினார்கள். புளிக்காடி ஜாடியை மூடிவைக்கும் பண்டிகை என்பதே மராத்தியில் அதன் பெயர். ஏன் மூடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. மூடவேண்டும் என்பது மட்டும் தெரியும். காரணத்தை மீண்டும் கற்றுக்கொண்ட பிறகு அவர்கள் தமக்கென்று மராத்தி மொழிபெயர்ப்போடு ஹகாதாவை அச்சிட்டார்கள். 1874-இல் புனேயில் வெளியான பதிப்பின் சித்திரத்தில் புடவை உடுத்திய பெண்கள் தரையில் அமர்ந்து அப்பம் தயாரிக்கிறார்கள்.

1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் மட்டாஞ்சேரியில் நிற்கிறது. அங்கே வழிபடுவதற்குரியவர்களோ மிகச் சிலர். இஸ்ரேலின் நெகேவ் பாலைநிலத்தில் நெவாதிம் என்ற கிராமத்தில் கொச்சிக் குடும்பங்கள் ஜெபாலயமும் காட்சிசாலையும் அமைத்துத் தம் ஊரின் நினைவைக் காத்துவருகின்றன. ஆனால் பேரப்பிள்ளைகளின் பாஷை எபிரேயமாகிவிட்டது. கல்யாணத்திலும் பண்டிகையிலும் பெண்கள் கூடிப் பாடிய மலையாளப் பாட்டுகளோ பழைய நோட்டுப் புத்தகங்களில் கையெழுத்தாகக் கிடந்தன. கொச்சியில் 1912-இல் பிறந்த ரூபி டானியல் அவற்றில் பலவற்றை ஆங்கிலப்படுத்தி, தம் நினைவுக் குறிப்புகளையும் 1995-இல் நூலாக வெளியிட்டார். ஆய்வாளர்கள் பார்பரா ஜான்சனும் ஸ்கறியா சக்கரியாவும் பிரதிகளைத் திரட்டி ஒப்பிட, 2004-இல் ஜெருசலேமில் 42 பாடல்கள் இசைத்தட்டாக வெளிவந்தன.

கொச்சி யூதர்கள் போன பின்பும் கேரளத்தில் ஒரு வழக்கம் தங்கியிருக்கிறது. புனித வியாழனன்று சிரியன் கிறிஸ்தவர் வீடுகளில் அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்க விடாமல் அவித்த பெசஹா அப்பத்தைக் குடும்பத்தில் மூத்தவர் பிரார்த்தனை செய்து அறுத்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த பாலோடு, வயது முறைப்படி எல்லோருக்கும் பகிர்ந்து தருவார். சென்னையில் குடியேறிய மலையாளிகள் பலரும் அந்த வாரம் இட்லிப் பாத்திரத்திலேயே அதை அவித்துவிடுகிறார்கள்.