அறிவுரையும் கைச்செலவும்: ரோத் – ஸ்வைக் கடிதங்கள்

ஹிட்லர் பதவியேற்ற 1933 ஜனவரி 30 அன்றே நாவலாசிரியர் யோசஃப் ரோத் பெர்லினிலிருந்து பாரிஸுக்கு ரயிலேறிவிட்டார். சில வாரங்களில், சால்ஸ்பர்க் மலைவீட்டிலிருந்த எழுத்தாளர் நண்பர் ஸ்டெஃபான் ஸ்வைக்குக்கு, பேரழிவு நெருங்குகிறது என்று எச்சரித்து எழுதினார். ஸ்வைக் நிதானக்காரர், ஜெர்மன் பதிப்பகத்தோடு உடனே உறவை முறிக்க மனம் வரவில்லை. ரோத் விடவில்லை. கடிதத்துக்குக் கடிதம் இடித்துரைத்தார். கூச்சத்தோடு பணமும் கேட்டார். ஸ்வைக் அனுப்பினார், குடியைக் குறைக்கும்படி அறிவுரையும் சேர்த்து. பணம் மட்டுமே பலித்தது.

1936 கோடையில் பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் கடற்கரை நகரில் இருவரும் சேர்ந்திருந்தார்கள். 1939 மே 27 அன்று, 44 வயதில், ரோத் பாரிஸில் இறந்தார். ஓட்டல் ஓட்டலாக வாழ்ந்தவரிடம் தபால் எங்கே தங்கும்? இருவரின் கடிதங்களில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ரோத் எழுதியவை. ஸ்வைக்கின் பதில்கள் கொஞ்சமே.