என் பழைய சிவிக்குக்குப் புதிய பிறேக்

கண்டியிலிருந்து எங்கள் பக்கம் வரும்போது, உடதும்பரையைத் தாண்டியதும் ஹசலக்கையை நோக்கி இறங்கும் பதினெட்டு வளைவுகள் வரும். பேராதனையில் படிக்கும் மகளை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊரான தம்பிலுவிலுக்குத் திரும்பிய ஒரு பின்னேரம், அந்த வளைவுகளின் நடுவில் என் பிறேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. விட்டு விட்டு மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹாண்ட் பிறேக்கை மெல்ல இழுத்து, காரை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். முன் சில்லுகளிலிருந்து கருகிய மணம் வந்தது. பின் சீற்றில் இருந்த மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அரை மணித்தியாலம் ஆறவிட்ட பிறகு பெடல் பழையபடி மேலே வந்தது. ஊர் வந்து சேரும்வரை நான் நாற்பதைத் தாண்டவில்லை.

என்னுடையது ஹொண்டா சிவிக், ஈகே3. 1995இல் ஜப்பானில் வெளிவந்த ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது. அதே உடம்பில்தான் 1997இல் 185 குதிரைவலுவோடு டைப் ஆர் வந்தது. அதனால் இந்தக் கார் மீது எங்கள் ஊர்ப் பொடியன்மாருக்கு இன்றும் தனி ஆசை. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாடு முழுவதும் பழைய கார்களைத்தான் பேணி ஓட்டினோம். நானும் அலோய் றிம் மாற்றினேன், புதுச் சைலன்சர் போட்டேன். பிறேக்கை மட்டும் தொடவில்லை.

அக்கரைப்பற்றில் கராஜ் வைத்திருக்கும், ‘காக்கா’ என்று நாங்கள் அழைக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். முப்பது வருடமாக ஜப்பான் கார்களோடு பழகியவர். பெரிய பிறேக் டிஸ்க் போடவேண்டும் என்று சொன்னேன். அவர் போனற்றைத் திறந்து, பிறேக் ஒயில் போத்தலை ரோர்ச் அடித்துப் பார்த்தார். ஒயில் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

“இத மாத்தி எத்தின வருஷம் தம்பி?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

“இதுக்குள்ள தண்ணி இரிக்கி. தண்ணி கொதிச்சா பிறேக் எப்பிடிப் பிடிக்கும்?”

அவர் கேட்டதன் பொருளை விளக்க ஒரு சின்னக் கணக்குப் போதும். ஓடும் காரின் வேகத்தைப் பிறேக் வெப்பமாக மாற்றுகிறது. நாலு பேரும் பெட்டிகளும் ஏறிய என் கார் ஏறக்குறைய 1400 கிலோ. மணிக்கு 80 கிலோமீற்றரில் ஓடும் அதை ஒரு தடவை முழுதாக நிறுத்தினால், ஒரு லீட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் உண்டாகும். மலையில் கதை இன்னும் பெரிது. 100 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி நாலரை லீட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் அன்று நாலாம் கியரில், காலைப் பெடலில் வைத்தபடியே இறங்கினேன். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் டிஸ்க்குகளே தாங்கின.

அந்தச் சூடு, டிஸ்க்கைக் கவ்வும் பிறேக் பாட்டைக் கடந்து, பாட்டை அமுக்கும் கலிப்பருக்குள் இருக்கும் ஒயிலுக்குப் போகும். டொட் 4 என்று குறித்த புது ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 3 என்றால் 140. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஒயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். ஒயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதிக்கிற பலமெல்லாம் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும்.

இன்னொரு வகைப் பழுதும் உண்டு. பாட் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் உராய்வு குறையும். அப்போது பெடல் கல் மாதிரி இறுக்கமாக இருக்கும், கார் மட்டும் நிற்காது. பெடல் பஞ்சானால் ஒயிலையும், கல்லானால் பாட்டையும் முதலில் பாருங்கள்.

காக்கா சில்லுகளைக் கழற்றினார். என் மாடலின் முன் டிஸ்க் புதிதில் 21 மில்லிமீற்றர் தடிப்பு. 19க்குக் கீழே தேய்ந்தால் மாற்றவேண்டும். என்னுடையது 18.6. இடப்பக்கக் கலிப்பர் வழுக்கும் ஊசி துருப்பிடித்து இறுகியிருந்தது. பின் டிறம் ஒன்றில் வீல் சிலிண்டர் கசிந்து லைனரை நனைத்திருந்தது. றப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தது. மிதிக்கும்போது அது ஊதி, பலத்தில் ஒரு பங்கைத் தின்னும். “இதெல்லாம் சரியாக்காம பெரிய டிஸ்க் போட்டு என்ன பிரயோசனம்?” என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே வேலை நடந்தது: கசிவு, துரு, ஹோஸ், ஒயில், பாட், கடைசியில் டிஸ்க்.

பாட் வாங்கும்போது ஒருமுறை ஏமாந்தேன். ஒரு கடையில் மலிவாக வாங்கியது, பெயர் அச்சடித்த பெட்டியில் வந்த போலி. இரண்டாயிரம் கிலோமீற்றருக்குள் பொடிந்தது. கார்ப் பந்தயத்துக்கென்று விற்கும் பாட்டும் வீதிக்கு உதவாது. நன்றாகச் சூடேறிய பிறகுதான் அது கடிக்கும். காலையில் வீட்டு வாசலைத் தாண்டி ஓடும் பிள்ளைக்கு முன்னால் அது கைவிடும்.

அதற்குப் பிறகுதான் பெரிய டிஸ்க். இந்தத் தலைமுறைச் சிவிக்கின் சாதாரண மாடல்கள் பலவற்றில் முன் டிஸ்க் 240 மில்லிமீற்றர். வேகமான மாடல்களிலும் அக்கால இன்டெக்ராவிலும் 262. நக்கிள், கலிப்பர், பிறக்கெற் மூன்றையும் ஒரே வாகனத்திலிருந்து சோடியாக எடுத்தால் வெட்டாமல் ஒட்டாமல் பூட்டலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த சாமானாகத் தேடி எடுத்தோம். ஒரு கதவைப் பிணைச்சலுக்குப் பக்கத்தில் பிடித்து நிறுத்துவதைவிடக் கைப்பிடிப் பக்கத்தில் பிடித்து நிறுத்துவது சுலபம் அல்லவா? பெரிய டிஸ்க்கும் அப்படித்தான். அதே மிதிக்கு ஏறக்குறைய 9 வீதம் கூடுதல் பிடி. அதைவிடப் பெரிய நன்மை, கூடுதல் இரும்பு கூடுதல் சூட்டைத் தாங்குவது. துளை போட்ட டிஸ்க்கைக் காக்கா வேண்டாம் என்றார். கடும் சூட்டில் துளையோரத்தில் வெடிப்புத் தொடங்கும்.

பின்பக்கத்தையும் டிஸ்க் ஆக்கலாமா என்று கேட்டேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. பிறேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னே சாயும், பின் சில்லு லேசாகும். பின் பிறேக்கின் பலத்தைக் கூட்டினால் பின் சில்லு முதலில் இறுகி, கார் சுழன்றுவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு பிரிக்கும் வால்வையும் மாஸ்டர் பம்பையும் பொருத்தமாக மாற்றத் தெரிந்தவர்கள் மட்டும் செய்யவேண்டிய வேலை அது. நாங்கள் டிறம்மைப் புதுப்பித்ததோடு நின்றோம்.

எல்லாம் முடிந்ததும், விடியற்காலையில் கோமாரிப் பக்கம் வெறிச்சோடிய வீதியில் புது பாட்டைப் பழக்கினேன். அறுபதிலிருந்து இருபதுக்கு, முழுதாக நிறுத்தாமல் பத்துத் தடவை. பிறகு பிறேக் தொடாமல் ஓட்டி ஆறவிட்டேன். நல்ல டயரும் போட்டிருந்தேன். ஏனென்றால் வீதியைப் பிடிப்பது கடைசியில் டயர்தான். வேளாண்மை வெட்டும் காலத்தில் எங்கள் வீதியோரமெங்கும் நெல் காயும். சிந்திய நெல்மணிகளுக்கு மேல் எந்தப் பிறேக்கும் காரை உடனே நிறுத்தாது.

1953இல் லீ மான் 24 மணித்தியாலக் கார்ப் பந்தயத்தில், டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் சீ-டைப் வென்றது. வளைவுக்கு மிக அருகில் வந்த பிறகும் நம்பி மிதிக்க அதன் ஓட்டுநர்களால் முடிந்தது. கார்ப் பந்தயக்காரரே பிறேக்கை இவ்வளவு மதித்தால், பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் நாம் எவ்வளவு மதிக்கவேண்டும்!

போன மாதம் மறுபடி பதினெட்டு வளைவு இறங்கினேன். இரண்டாம், மூன்றாம் கியரில், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் மிதித்து இறங்கினேன். அடிவாரம் வந்தபோதும் பெடல் மேலேயே இருந்தது.

ஒயில், ஹோஸ், பாட் மூன்றும் சேர்ந்தே, நான் சைலன்சருக்குக் கொடுத்த காசுக்குள் முடிந்தன. பெரிய டிஸ்க் போடாமலே என் ஆபத்தில் பெரும்பங்கை அவை தீர்த்திருக்கும். நமது நாட்டில் தனியார் கார் ஒன்றுக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடாவருடம் புகைப் பரிசோதனை உண்டு, பிறேக் பரிசோதனை இல்லை. அந்தப் பொறுப்பு உங்களுடையது. இரண்டு வருடமாக ஒயில் மாற்றவில்லையென்றால், அடுத்த மலைப் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள்.