மேல்வீட்டுத் தண்ணீர்



குளியலறையைக் குறித்து ஒரு போதகர் எழுதுவதா என்று சிலர் புன்னகைக்கக்கூடும். ஆனால் மும்பையில் ஊழியம் செய்கிற எவரும் இதை அறிவார்: விசுவாசக் குடும்பங்களுக்குள் எழும்புகிற கசப்புகளெல்லாம் உபதேசத்தினால் வருகிறவையல்ல. மேல்வீட்டிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் சொட்டுகிற தண்ணீரினாலும் சபை இரண்டாகப் பிரிந்து உட்காருவதுண்டு. நான் கண்ட ஒரு காரியத்தை, பெயர்களைத் தவிர்த்து, உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

தாராவியில், குடிசைவாசிகளின் மறுவாழ்வுத் திட்டத்தில் கட்டப்பட்ட ஒரு கட்டடம். அதன் மூன்றாம் மாடியிலும், அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடியிலும் நம் சபையைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள். இரண்டும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவை. குடிசையில் இருந்த நாட்களில் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்து, ஒரே பொதுக்கழிப்பிடத்தின் வரிசையில் நின்றவர்கள். வீட்டுக்குள்ளேயே கழிவறையும் குளியலறையும் கிடைத்த நாளில் சேர்ந்து ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தவர்கள்.

மேல்வீட்டுச் சகோதரர், மகனுடைய விவாகத்துக்கு முன்பாகக் குளியலறையைப் புதுப்பிக்கத் தீர்மானித்தார். அது ஆடம்பரமல்ல, வயதான தாயாரால் முழங்கால் வலியினிமித்தம் தரையோடு பதித்த கழிவறையில் உட்கார்ந்து எழும்ப முடியவில்லை. வேலையை ஏற்றுக்கொண்ட கான்ட்ராக்டரும் நம் விசுவாசியே. ஆகையால் எழுத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. விவாக நாள் நெருங்கியபடியால், பழைய டைல்ஸை உடைத்த கையோடே புதியவற்றை ஒட்டி முடித்தார்கள். பளிங்குபோல் மின்னிய அந்தச் சிறிய அறையின் வாசலில் நின்று நானே ஜெபித்தேன்.

மூன்று மாதம் கழியுமுன் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தது. கீழ்வீட்டுச் சகோதரர் என்னிடத்தில் வந்து சொன்னபோது, "பொறுமையாயிருங்கள், ஜெபிப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மேல்வீட்டுச் சகோதரரோ, "எங்கள் தரை காய்ந்திருக்கிறது பாஸ்டர், தண்ணீர் வெளிக்குழாயிலிருந்து வருகிறது" என்றார். கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. பின்பு ஒரு திருவிருந்து ஆராதனையில், அப்பத்தட்டு தம்மிடத்தில் வந்தபோது கீழ்வீட்டுச் சகோதரர் கையை நீட்டாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அன்று மாலையில்தான் நான் அந்தக் கூரையைப் பார்க்கப் போனேன்.

சுவரைப் பார்க்கப்போன ஆசாரியன்

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை நாம் அதிகமாய்ப் பிரசங்கிப்பதில்லை. வீட்டுச் சுவரில் பச்சையும் சிவப்புமான தோஷம் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று அங்கே கர்த்தர் ஒழுங்காகக் கற்பிக்கிறார். மூன்று காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, வீட்டுக்காரன் தானே ஆசாரியனிடத்தில் வந்து, தன் வீட்டில் தோஷம் இருப்பதாகத் தோன்றுகிறது என்று அறிவிக்கிறான். இரண்டாவது, ஆசாரியன் நேரில் போய்ப் பார்க்கிறான். ஏழு நாள் வீட்டை அடைத்துவைத்து மறுபடியும் பார்க்கிறான். மூன்றாவது, தோஷத்தின்மேல் பூசி மறைக்கிறதில்லை. கெட்டுப்போன கல்லைப் பெயர்த்து, பழைய சாந்தைச் சுரண்டி எடுத்த பின்பே புதிய சாந்து பூசப்படுகிறது.

எங்கள் காரியத்தில் மூன்றுமே தவறிப்போயிருந்தன. வீட்டுக்காரர் மறுத்தார், போதகனாகிய நான் பார்க்கப் போகவில்லை, கான்ட்ராக்டர் மேலே பூசிவிட்டார். குளியலறை வேலை தொடங்க நினைக்கிறவர்கள் இம்மூன்றையும் முன்கூட்டியே திட்டத்தில் சேர்த்துக்கொண்டால் எவ்வளவோ கண்ணீர் மிஞ்சும்.

உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்கிடுங்கள்

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் சொன்னது (லூக்கா 14:28-30) நாலடி அகலக் குளியலறைக்கும் பொருந்தும். அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். 4 அடிக்கு 6 அடி அறையென்றால் தரை 24 சதுர அடி. சுற்றளவு 20 அடி; சுவரில் 7 அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினால் 140 சதுர அடி. இரண்டரை அடி அகலமும் ஆறரை அடி உயரமுமான கதவுக்கு 16 சதுர அடியைக் கழித்தால் 124. தரையும் சேர்த்து 148. உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 163 சதுர அடி. இந்தக் கணக்கு உங்கள் கையில் இருந்தால், கடைக்காரரிடமும் கான்ட்ராக்டரிடமும் தெளிவாய்ப் பேசலாம்.

வீட்டில் ஒரே கழிவறைதான் என்றால், அது உடைக்கப்பட்டிருக்கும் நாட்களில் முதியோரும் பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்பதையும் முன்னரே தீர்மானியுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைக்காலத்தையும், விவாகத் தேதியை ஒட்டிய வாரங்களையும் தவிருங்கள். அவசரமே கசிவுக்கு முதல் வாசல்.

முதியோர் இருக்கும் வீட்டில் வழுக்காத சொரசொரப்பான தரை டைல்ஸும், கழிவறை அருகே சுவரில் உறுதியான கைப்பிடிக் கம்பியும், வெளிப்பக்கம் திறக்கிற கதவும் அவசியம். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கிற கதவை அவருடைய சரீரமே அடைத்துக்கொள்ளும். மின்சார கீசருக்கு முறையான எர்த்திங்கும், மின்கசிவில் தானாக நின்றுவிடும் சுவிட்சும் வேண்டும். காஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் ஒருபோதும் வைக்காதிருங்கள். அதிலிருந்து எழும்பும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமல் உயிரைப் பறிக்கும்.

கேட்க வேண்டியவர்களிடம் கேளுங்கள்

கூட்டுறவு வீட்டுவசதி சங்கமானால், வேலைக்கு முன் செயலாளருக்குக் கடிதம் கொடுத்து, எழுத்தில் அனுமதி பெறுங்கள். மாட்டுங்காவிலோ பழைய பக்டி வாடகை வீடுகள் பல. 1896-ஆம் ஆண்டின் பிளேக் கொள்ளைநோய்க்குப்பின், 1898-இல் ஏற்பட்ட பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட், காற்றும் வெளிச்சமும் வேண்டுமென்று திட்டமிட்டு அமைத்த பகுதி தாதர் மாட்டுங்கா. அங்கே வீட்டு உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். இத்தகைய பழைய கட்டடங்களில் இரும்புக் கர்டர்கள் தளத்தைத் தாங்குவதுண்டு. தொடர்ந்து ஈரம் பட்டால் அவை துருப்பிடித்துப் பலமிழக்கும்.

கட்டடம் புதியதோ பழையதோ, பீமையும் தூணையும் தொடாதிருங்கள். குளியலறையை வேறு இடத்துக்கு நகர்த்தினால், கீழ்வீட்டாரின் அடுப்புக்கோ படுக்கைக்கோ நேர் மேலே வந்துவிடும். அனுமதியின்றி அதைச் செய்யவே கூடாது. பரணில் தண்ணீர் டாங்க் வைக்கிறவர்கள், 500 லிட்டர் தண்ணீர் அரை டன் எடை என்பதை மறவாதிருங்கள்.

தண்ணீர் தேக்கிப் பார்க்கும் நாட்கள்

மேல்வீட்டுத் தரை காய்ந்திருக்கையில் கீழே எப்படி ஒழுகும்? பல கட்டடங்களில் குளியலறையின் தளம் மற்ற அறைகளைவிடத் தாழ்வாக வார்க்கப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் பதித்து, செங்கல் துண்டுகளும் சிமெண்டுச் சாந்தும் இட்டு நிரப்புவார்கள். மும்பையில் இதற்குக் கோபா என்று பெயர். டைல்ஸ் இடுக்குகளின் வழியாகவும், நானி டிராப்பின் ஓரமாகவும் இறங்குகிற தண்ணீர் அந்த நிரப்புக்குள் தங்கும். மேலே உலர்ந்த தரை; உள்ளே மறைந்த குளம். மேல்வீட்டுச் சகோதரர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டது டைல்ஸை மட்டுமே.

ஆகையால் பழைய நிரப்பையும் அகற்றி, தளம்வரை சுத்தப்படுத்தி, வெடிப்புகளையும் குழாய் இணைப்புகளின் சுற்றுப்புறத்தையும் அடைத்து, வாட்டர் புரூஃபிங் பூசவேண்டும். அந்தப் பூச்சு தரையோடு நிற்காமல் சுவரிலும் ஒரு அடியாவது ஏறவேண்டும்; குளிக்கிற பக்கத்தில் இன்னும் உயரமாக. பின்பு வடிகால் வாயை அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம், கூடுமானால் மூன்று நாள் விட்டுவையுங்கள். கீழ்வீட்டாரை அழைத்து அவர்கள் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். உலர்ந்திருந்தால் மட்டுமே அடுத்த வேலை. தண்ணீர்க் குழாய்களையும் சுவருக்குள் மூடுமுன் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கவேண்டும். கடைசியாகத் தரைச்சரிவு ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் வடிகாலை நோக்கி இருக்கட்டும்.

ஏற்கனவே கசிவு இருந்தால், அது எப்பொழுது வருகிறது என்று கவனியுங்கள். இடைவிடாமல் சொட்டினால் பெரும்பாலும் தண்ணீர்க் குழாயில் பழுது. குளித்த பின்பு மட்டும் வந்தால் தரையிலோ வடிகாலிலோ பழுது. மழைக்காலத்தில் மட்டும் வந்தால் வெளிச்சுவரைப் பாருங்கள். மகாராஷ்டிராவின் வீட்டுவசதி சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகளின்படி, தன் கழிவறையிலிருந்தும் சிங்க்கிலிருந்தும் வரும் உட்கசிவை அந்தந்த உறுப்பினர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். சட்டம் சொல்லுமுன் அன்பு அதைச் செய்யவேண்டாமா?

விசுவாசியானாலும் எழுத்து வேண்டும்

"நம்ம பிரதர்தானே, எழுத்து எதற்கு?" என்கிறோம். எரேமியா தீர்க்கதரிசி தம் சொந்தப் பெரியப்பன் சித்தப்பன் மக்களில் ஒருவனிடத்தில் நிலம் வாங்கினபோதும் பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்தாரே (எரேமியா 32). எழுத்து சந்தேகத்தின் அடையாளமல்ல. இருவருடைய நினைவையும் காக்கிற வேலி.

ஒரு தாளில் இவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்: எதுவரை உடைப்பது, எந்தக் குழாய், எந்த வாட்டர் புரூஃபிங், எத்தனை நாள் தண்ணீர் தேக்குவது, பொருள் யாருடையது, கசிந்தால் எத்தனை காலம்வரை யார் பொறுப்பு. பணத்தையும் படிப்படியாகக் கொடுங்கள்: தொடக்கத்தில் ஒரு பங்கு, குழாய் வேலை முடிந்ததும் ஒரு பங்கு, தண்ணீர் சோதனை தேறினதும் ஒரு பங்கு, டைல்ஸ் முடிந்ததும் ஒரு பங்கு, சிறிதளவை ஒரு மாதம் உபயோகித்துப் பார்த்தபின் கொடுப்பதாக எழுதுங்கள். ஆனால் வாக்குப்பண்ணின நாளில் தாமதியாமல் கொடுத்துவிடுங்கள். கூலியைப் பிடித்துவைத்து வீடு கட்டுகிறவனுக்கு ஐயோ என்கிறது எரேமியா 22:13.

கீழே இறங்குகிறது தண்ணீர் மாத்திரமல்ல

உடைத்த மலபா மூட்டைகளைப் படிக்கட்டில் சுமந்து இறங்குகிற வாலிபர், நாமும் நம் பிதாக்களும் ஒருகாலத்தில் வந்ததுபோல, வயிற்றுப்பாட்டுக்காக ஊரைவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு குடிதண்ணீரும் நியாயமான கூலியும் கொடுங்கள். மலபாவைச் சந்தின் மூலையில் கொட்டாதிருங்கள். சிமெண்டுக் கரைசலை வடிகாலில் ஊற்றாதிருங்கள்; அது இறுகிக் குழாயை அடைத்தால், ஏழை மனிதன் ஒருவன் சாக்கடைக்குள் இறக்கப்படுவான். பாதுகாப்பின்றி ஒருவரை அப்படி இறக்குவது 2013-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம்; தேவனுக்கு முன்பாகவோ அது நம்மைப்போன்ற ஒரு மனுஷனின் உயிர்.

மூன்று நாள்

அன்று மாலை, மேல்வீட்டுச் சகோதரரையும் என்னோடு கீழே அழைத்தேன். அதுவரை அவர் அந்தக் கூரையைக் கண்ணால் பார்க்கவேயில்லை. பச்சையாய்ப் படர்ந்த ஈரத்தையும், அதற்குக் கீழே வைத்திருந்த வாளியையும், ஒதுக்கிப் போட்ட கட்டிலையும் நெடுநேரம் பார்த்தார். "அண்ணே, இது எங்க வீட்டுத் தண்ணிதான்" என்றார். நானும், முதல் நாளே வந்து பார்க்காததற்காக அந்த வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மின்னிய டைல்ஸெல்லாம் உடைக்கப்பட்டன. முதல் செலவில் பாதிக்கு மேல் மறுபடியும் ஆயிற்று. கான்ட்ராக்டர் சில வாரம் கழித்து வந்து, கூலியில் ஒரு பகுதியைத் திரும்பக் கொடுத்தார். முழுவதையும் கொடுக்க அவருக்குத் திராணியில்லை. இம்முறை மூன்று நாள் தண்ணீர் தேக்கினார்கள். ஒவ்வொரு காலையும் மேல்வீட்டுச் சகோதரர் இறங்கிவந்தார். இருவரும் சேர்ந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் கூரை உலர்ந்திருந்தது. அன்று அவருக்கு அந்த வீட்டில் காப்பி கொடுத்தார்கள். அடுத்த திருவிருந்து ஆராதனையில் அப்பத்தட்டு இருவர் கையையும் கடந்து போயிற்று.

பிரியமானவர்களே, உங்கள் கூரையின்கீழ் இருக்கிறவர்களுக்காக ஜெபிக்கிறீர்கள். உங்கள் தரையின்கீழ் இருக்கிறவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். கசிவு என்று அவர்கள் சொன்னால், வாதிடுமுன் இறங்கிப்போய்ப் பாருங்கள். கர்த்தர் தாமே உங்கள் வீட்டையும், உங்கள் அயலகத்தார் வீட்டையும் சமாதானத்தினால் நிரப்புவாராக. ஆமென்.